மூன்று நிறத்தில் ஒரு கூறை

“தம்பி, நாங்கள் ஒரு கூறைதான் எடுத்தனாங்கள். இதில மூண்டு கூறை கிடக்கு.”

பொம்பிளையின் தாயார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சுன்னாகத்தில் எங்கள் ஸ்டூடியோவில் கணினித் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் சொன்னார். அவர் விரலால் காட்டிய முதல் படத்தில் கூறை செம்மஞ்சள். அடுத்ததில் அரக்கு. மூன்றாவதில் சிவப்பு மைப் போத்தல் கவிழ்ந்த மாதிரி ஒரே சிவப்பு. சரிகை இல்லை, மடிப்பு இல்லை, கரை எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. மூன்றும் ஒரே மணவறையில் இருபது நிமிடத்துக்குள் எடுத்தவை.

அந்தக் கலியாணத்தை நானும் என் மருமகனும் சேர்ந்து எடுத்தோம். மருமகன் என்றால் அக்காவின் மகன். ஏ.எல் முடித்துவிட்டு ஒரு வருடமாக என்னோடு நிற்கிறான். என் கமராப் படங்களில் பெரிய முறைப்பாடு வரவில்லை. பிடித்துக் காட்டப்பட்டவை எல்லாம் அவன் எடுத்தவை. பெடியன் அவசரப்பட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, “மாமா, நான் மைனஸ் போட்டனான். அது கேக்கேல்லை” என்றான். மைனஸ் என்றால், கமரா கணித்ததைவிடக் குறைவான ஒளியில் எடுக்கச் சொல்வது. கமரா சொல்லுக் கேட்கவில்லை என்று தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான். ஆகவே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு கிழமை அந்தக் கோப்புகளோடு இருந்ததில், அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

அன்றைய வெளிச்சம்

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணவறைக்குப் பின்னால் கடும் மரூன் வெல்வெட் திரை. அதைச் சுற்றி எல்ஈடி மாலைகள். வலதுபக்கம் வீடியோக்காரரின் வெள்ளை லைட். இடதுபக்கம் திறந்த கதவு, அதன் வழியாக ஆவணி மாதத்துக் காலை வெயில். நடுவில் ஓமப்புகை. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, தலைப்பாகை. பொம்பிளை முதலில் வேறு சேலையோடு வந்து, பிறகு கூறை மாற்றிக்கொண்டு வந்தவர். படமெடுப்பவருக்கு இதைவிடக் கஷ்டமான கூட்டு கிடைக்காது: பின்னால் இருட்டு, முன்னால் வெள்ளை, நடுவில் சிவப்பு, மேலே மூன்று விதமான வெளிச்சம்.

நான் எம் மோட்டில், அதாவது எல்லா எண்ணையும் நானே வைத்து, ரோ கோப்பாக எடுத்தேன். ரோ என்றால் சென்சர் பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைப்பது. மருமகனுடையது எங்களிடம் இருக்கும் பழைய கெனன், அதோடு வந்த 18–55 லென்ஸ். அவனுக்குக் கமராவே திருத்தி முடித்துத் தருகிற ஜேபெக் மட்டும் போதும் என்று முடிவு செய்தவன் நான்தான். சின்ன ஆள் ரோ எடுத்து என்ன செய்யப்போகிறான், கார்ட்டும் நிறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த முடிவின் விலை பின்னால் தெரிந்தது.

கமராவின் மீட்டர் முன்னால் இருப்பது வெல்வெட்டா வேட்டியா என்று அறியாது. திரும்பி வருகிற வெளிச்சத்தை அளந்து, மொத்தக் காட்சியும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடும். கரிய திரை படச்சட்டத்தை நிறைத்தால் அதைச் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் கூட்டும். முன்னால் இருக்கிற வேட்டி எரிந்துபோகும். அப்போது மைனஸ் போட வேண்டும். இதை மருமகனுக்கு நான் படிப்பித்திருந்தேன். அவனும் மறக்கவில்லை. லென்ஸ் திறப்பையும் ஷட்டரையும் கமராவே பார்த்துக்கொள்ளும் பி மோட்டில் இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்து, எரிந்த இடம் என்று கமராத் திரையில் தலைப்பாகை கறுப்பாக மின்னுவதைக் கண்டு, திறப்பை மட்டும் நாங்கள் வைக்கிற ஏவி மோட்டுக்கு மாறி மைனஸ் போட்டிருக்கிறான். அதுவரை எல்லாம் சரி.

கோப்பு சொன்ன கதை

ஒவ்வொரு படத்தோடும் கமரா எழுதிவைக்கும் விபரங்களைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். லென்ஸ் திறப்பு எஃப்/4, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 என்று அவன் பூட்டி வைத்திருந்தான். ஏவியில் அவை இரண்டும் அசையாவிட்டால் கமரா கையில் மிஞ்சுவது ஷட்டர் வேகம் ஒன்றுதான். தொடக்கத்தில் 1/80 செக்கன். மைனஸ் 1 போட்டதும் 1/160. பிறகு மைனஸ் ஒன்றும் மூன்றில் இரண்டும், 1/250. கடைசியில் மைனஸ் 2, 1/320. சென்சருக்குப் போன வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது.

அந்த நாலு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேட்டியின் மடிப்பு படிப்படியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் முகம் மட்டும் கிட்டத்தட்ட அதே பிரகாசத்தில் நிற்கிறது. பின்னால் தவில்காரர் உட்கார்ந்திருந்த நிழல் இன்னும் இருளாவதற்குப் பதிலாக மணல் தூவியதுபோலக் கரடுமுரடாகியிருக்கிறது. வெளிச்சம் குறைந்திருக்க, படம் குறையவில்லை. இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கையின் பெயர் ஆட்டோ லைட்டிங் ஒப்டிமைசர். கெனன் கமராவின் மெனுவில் பட்டப்பகல் போல் வெளிச்சமாக இருக்கிற ஓர் அமைப்பு. படம் இருட்டாகவோ மங்கலாகவோ வந்தால் அதன் பிரகாசத்தையும் ஏற்ற இறக்கத்தையும் கமராவே தூக்கிக் கொடுக்கும். கடையிலிருந்து வரும்போதே நடுத்தர அளவில் இயங்கிக்கொண்டுதான் வரும். வீட்டுப் பிறந்தநாள் படம் எடுப்பவருக்கு அது உதவிதான். ஆனால் வேண்டுமென்றே இருட்டாக எடுப்பவருக்கும் அது உதவி செய்ய வந்துவிடும். இந்த அமைப்பு இயங்கும்போது மைனஸ் போட்டாலும் படம் வெளிச்சமாகவே வரலாம், இருட்டாக வேண்டுமென்றால் முதலில் இதை நிறுத்துங்கள் என்று கமராவோடு வரும் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். கையேடு எங்கள் அலுமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. ஆக, கமராவில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

மருமகன் செய்ததை இப்போது திருப்பிப் பாருங்கள். வேட்டி எரிகிறது என்று மைனஸ் போடுகிறான். மண்டபத்து இருட்டில் சின்னத் திரையில் அவன் பார்ப்பது முகத்தை. முகம் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. போட்டது காணாது என்று எண்ணி இன்னும் மைனஸ் போடுகிறான். கமரா இன்னும் தூக்குகிறது. அவன் இன்னும் குறைக்கிறான். இரண்டு பேர் ஒரு கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது.

இதில் இன்னொரு சேதமும் ஒளிந்திருந்தது. 1/80இல் எடுத்த படங்களில் எல்ஈடி மாலைகள் சுத்தமாக இருக்கின்றன. 1/250 வந்ததும் வெல்வெட் திரையில் குறுக்காக மங்கல் பட்டைகள் தொடங்கிவிட்டன. 1/320இல் கறுப்பும் வெள்ளையுமாக நன்றாகவே தெரிகின்றன. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் நேரடியாக ஓடுகிற மலிவான எல்ஈடி செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. 1/100 செக்கன் திறந்திருந்தால் ஒரு முழு அலை உள்ளே வந்துவிடும், 1/50 என்றால் இரண்டு. 1/320இல் அலையின் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஷட்டர் திரை மேலிருந்து கீழே ஓடும்போது சட்டத்தின் ஒரு பகுதி அலையின் உச்சியிலும் இன்னொரு பகுதி பள்ளத்திலும் பதிவாகும். அதுதான் பட்டை. நிறமும் அதோடு சேர்ந்து ஆடும். அதாவது, திருத்தும் அமைப்பை வெல்ல அவன் மைனஸைக் கூட்டினான். மைனஸ் கூட ஷட்டர் ஏறியது. ஷட்டர் ஏற மாலை லைட் படத்தைக் கெடுத்தது. மெனுவில் ஒரு வரியை நிறுத்தாமல் விட்டதில் தொடங்கிய சங்கிலி.

கொஞ்ச நேரத்தில் அவன் ஏவியை விட்டுவிட்டு எம்முக்கு ஓடியிருக்கிறான். “நீங்கள் எம்மில எடுக்கிறியள், அதுதான்” என்று பிறகு சொன்னான். கெனனில் இந்தத் திருத்தம் எம் மோட்டில் தானாகவே நின்றுவிடும். தொழிற்சாலை அமைப்பு அப்படி. வேண்டுமென்றால் மெனுவில் போய் எம்மிலும் இயங்கச் செய்யலாம், செய்யாவிட்டால் இல்லை. அவன் ஏவியில் பார்த்த அதே 1/320, எஃப்/4, ஐஎஸ்ஓ 1600ஐ எம்மில் அப்படியே போட்டிருக்கிறான். எண்கள் ஒன்று, வெளிச்சம் ஒன்று. படம் மட்டும் திடீரென்று பாதாளத்துக்குப் போய்விட்டது. செம்மஞ்சள் கூறைக்குப் பக்கத்தில் அரக்குக் கூறை நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான். பயந்துபோய் லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/3.5 வைத்தான். பிறகு கிட்டத்தில் எடுக்க 55க்கு சூம் பண்ணினான். அந்த லென்ஸில் 18இல்தான் எஃப்/3.5 கிடைக்கும், 55இல் எஃப்/5.6 வரைதான். ஒன்றும் மூன்றில் ஒரு ஸ்டொப் இருட்டு, அவன் எதையும் தொடாமலே. ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது. ஏவியாக இருந்திருந்தால் கமரா ஷட்டரைக் குறைத்துச் சமாளித்திருக்கும். எம் மோட் யாருக்கும் எதையும் சமாளித்துக் கொடுக்காது.

கலியாணம் எடுக்கிறவன் எம்மில்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு வீறாப்பு உண்டு. எனக்கும் உண்டு. மோட் என்பது எந்த எண்ணை யார் பார்த்துக்கொள்வது என்ற ஒப்பந்தம் மட்டும்தான். வெளிச்சம் மாறாத மணவறையில் எம் நல்லது. ஊர்வலத்தில் வெயிலுக்கும் பந்தல் நிழலுக்கும் மாறி மாறி நடக்கிற மாப்பிள்ளைக்கு ஏவியோ, ஷட்டரை மட்டும் நாங்கள் வைக்கிற டிவி மோட்டோதான் ஆறுதல். எம்மை மட்டும் தெரிந்தவனைவிட எப்போது எம் வேண்டாம் என்று தெரிந்தவனைத்தான் நான் இப்போது வேலைக்கு எடுப்பேன்.

ஸ்டூடியோவில் செய்து பார்த்தது

நம்புவதற்குச் செய்து பார்த்தே ஆகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடக்கு யன்னல் பக்கம் நான் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் அக்காவின் சிவப்புச் சேலை, பின்னால் விரித்த கறுப்புக் குடை. கமரா முக்காலியில். மருமகன் பூச்சியம், மைனஸ் 1, மைனஸ் 2 என்று மூன்று படம். பிறகு திருத்தத்தை நிறுத்தி அதே மூன்று. பிறகு அதைக் கூடுதலில் வைத்து அதே மூன்று. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தவர், தன்ரை சேலை என் மடியில் கிடப்பதைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நிறுத்திய வரிசையில் மைனஸ் 2 படத்தில் என் முகம் கரிக்கட்டை. கூடுதலில் வைத்த வரிசையில் அதே மைனஸ் 2இல் முகம் தெளிவாக, பூச்சியத்தில் எடுத்ததற்குச் சற்றுத்தான் கீழே. குடைத் துணியைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள். இல்லாத வெளிச்சத்தை இழுத்துப் பெருக்கினால் இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் அந்தப் புள்ளிகளும் சேர்ந்துதான் பெருகும்.

இது ஒரு கொம்பனியின் வேலை மட்டுமல்ல. நிக்கோனில் இதன் பெயர் அக்டிவ் டி-லைட்டிங். அது வேட்டியைக் காப்பாற்ற, எடுக்கும்போதே ஒளியளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நிழலைத் தூக்கும். சோனியில் டி-ரேஞ்ச் ஒப்டிமைசர். ஃபூஜியில் டிஆர் 100, 200, 400 என்று எண்ணாக இருக்கும். எண் ஏற ஏற குறைந்தபட்ச ஐஎஸ்ஓவும் ஏறும். கெனனிலேயே இன்னொரு அமைப்பு உண்டு, ஹைலைட் டோன் பிரயோரிட்டி. அது வெள்ளைப் பக்கத்தைக் காக்கிறது. அதை இயக்கிப் பார்த்த மருமகன் உடனே, “மாமா, ஐஎஸ்ஓ 100 எங்க போனது?” என்றான். போய்விடும். 200இலிருந்துதான் தொடங்கும். ஒரு ஸ்டொப் குறைவாக எடுத்து, வெள்ளையை விட்டுவிட்டு மற்றதை மேலே தூக்குவதுதான் அதன் தந்திரம். அதை இயக்கினால் முதலில் சொன்ன ஒப்டிமைசர் தானாக நின்றுவிடும். வெயிலில் வெள்ளைக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது. இருட்டு மண்டபத்தில் வேண்டாம், நிழல் ஏற்கெனவே அழுகிற இடம்.

லென்ஸ் ஓரத்து இருட்டைத் திருத்துகிற அமைப்பில் பெரிய சண்டை இல்லை, இயக்கியே விட்டோம்.

கூறையின் சிவப்பு

மூன்றாவது கூறைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. மை கவிழ்ந்த சிவப்பு. அந்தப் படத்தின் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம்வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம், கேவலமாக இல்லை. வெளிச்சம் நிரம்பி வழிகிற வலதுபக்கச் சுவரில் ஒன்றும் முட்டவில்லை, வேட்டியும் எரியவில்லை. பிறகு ஏன் சரிகை காணாமல் போனது?

கமராவில் வழக்கமாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் மொத்தப் பிரகாசத்தைக் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவது இன்னொரு பக்கத்தில் இருக்கும். அதைத் திறந்ததும் விளங்கியது: சிவப்பு மட்டும் சுவரில் மோதிக் குவிந்து கிடக்கிறது, பச்சையும் நீலமும் நடுவில் பத்திரமாக இருக்கின்றன. பட்டுச் சிவப்பு, அதன்மேல் மஞ்சள் சாய்ந்த லைட், அதன்மேல் நிறத்தைத் தூக்கிக் காட்டும் பிக்சர் ஸ்டைல். மூன்றும் சேர்ந்தால் சிவப்பு ஒன்று மட்டும் நிரம்பி வழியும். மொத்தப் பிரகாசக் கணக்கில் பச்சைக்குத்தான் பங்கு கூட, சிவப்புக்குக் குறைவு. ஆகவே சிவப்பு வழிவது அந்த ஒற்றை வரைபடத்தில் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் எடுக்கிறவன் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று இப்போது பிடிவாதமாகச் சொல்கிறேன். எங்கள் கலியாணத்தின் நடுவில் நிற்பதே சிவப்புத்தான்.

வெள்ளைச் சமநிலை, அதாவது எதை வெள்ளை என்று எண்ணி மற்ற நிறங்களைச் சரிக்கட்டுவது என்ற அமைப்பு, ஓட்டோவில் கிடந்தது அடுத்தது. கதவுப்பக்கம் திரும்பினால் கமரா பகல் வெளிச்சத்தைச் சரிக்கட்டி மஞ்சள் பக்கம் சூடாக்குகிறது. வெல்வெட் நிறைந்தால் சிவப்பு கூடிப்போனது என்று நீலப் பக்கம் குளிராக்குகிறது. கூறை அதற்கேற்பச் செம்மஞ்சளாகவும் அரக்காகவும் ஆடும். ஒரே இடத்தில் வேலை செய்யும்போது ஒரு வெள்ளைச் சமநிலையை எடுத்துப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதை எதில் எடுப்பது? மருமகன் மாப்பிள்ளையின் வேட்டியைச் சொன்னான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். சலவையில் நீலம் போட்ட வேட்டி நடுநிலையான வெள்ளை இல்லை. அதில் எடுத்தால் படம் முழுக்க மஞ்சள் பக்கம் சாயும். சவர்க்காரத் தூளிலும் வெளிச்சத்தில் நீலமாக மினுங்குகிற பொருள் இருக்கிறது. சாம்பல் அட்டை ஒன்று வாங்கிப் பையில் போட்டோம். ஐயரிடம் அதைப் பிடிக்கச் சொன்னால் சிரிப்பார், தோழனிடம் கொடுக்கலாம்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனஸ் போட்டும் முகம் வெளுத்து நின்றது மருமகனுக்கு முதலில் சந்தேகமாகவே படவில்லை, ஏனென்றால் வெளுத்த முகம்தான் வாடிக்கையாளர் கேட்பது என்று எங்களிடம் பழகியிருக்கிறான். அது கமராவின் பிழையில்லை. எங்கள் கடை வருடக்கணக்காகப் பழக்கியது. மாப்பிள்ளையின் நிறம் நடுத்தரச் சாம்பலிலும் சற்றுக் கீழே. அவரை அவர் நிறத்திலேயே எடுத்தால் தலைப்பாகையின் வெள்ளையும் கெடாது. முகத்தை ஏற்ற ஏற்ற வெள்ளை போகும்.

வெளியில், மத்தியானம்

மண்டபத்தில் முடிந்து நூலகத்துக்கு முன்னால் போனோம். யாழ்ப்பாணத்தில் சோடிப்படம் எடுக்கிறவர்கள் கோட்டைக்குப் போவார்கள், காரைநகர்க் கசூரினாவுக்குப் போவார்கள், நூலகத்தை விடமாட்டார்கள். 1981இல் எரிந்து பின்னர் திரும்ப எழுந்த அந்த வெள்ளைக் கட்டடம் மீட்டரை ஏமாற்றுவதில் முதல்தரம். சட்டம் முழுக்க வெள்ளை, அதன் முன்னால் வெள்ளை வேட்டி. மீட்டர் அதையும் சாம்பல் என்றே எண்ணி இருட்டாக்கும். இங்கே பிளஸ் 1, சிலவேளை ஒன்றரையும் வேண்டும். மருமகன் ஏவிக்குத் திரும்பி வந்தபோது காலையில் போட்ட மைனஸ் 2 அங்கேயே காத்திருந்தது. எங்கள் கமராவில் நிறுத்தி இயக்கினாலும் அந்த எண் அழியாது. வேண்டியது பிளஸ் 1, இருப்பது மைனஸ் 2. நூலகம் மழைநாள்போல வந்தது. ஒப்டிமைசர் இங்கேயும் தூக்கிவிட்டதால் மைனஸ் இருப்பது கண்ணில் படாமல் போய்விட்டது. தூக்கியிருக்காவிட்டால் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பான்.

ஓகஸ்ட் கடைசியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் அப்படித்தான். மத்தியானத்தில் ஆளின் நிழல் காலுக்குக் கீழே ஒடுங்கிவிடும், கண்குழிகள் இரண்டும் கறுத்துவிடும். இதற்கு எந்த மெனுத் திருத்தமும் மருந்தில்லை. மரநிழலுக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் பிளாஷ். பிளாஷ் என்றால் அந்தக் கமராவில் ஷட்டர் 1/200க்கு மேல் போகாது என்பதை நினைவில் வைத்து லென்ஸ் திறப்பை மூட வேண்டும். நான் நிழலுக்குக் கூட்டிப்போனேன்.

இரவு பொம்பிளை வீட்டில், இணுவிலில், முற்றத்து மின்மாலைகளோடு வீட்டை முக்காலியில் வைத்து 8 செக்கன் எடுத்தான். நீண்ட நேரப் படத்துக்கான இரைச்சல் நீக்கி இயங்கிக்கொண்டிருந்தது. அது படம் எடுத்து முடிய, ஷட்டரை மூடியபடி அதே 8 செக்கனுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழித்துப் பார்க்கும். அதுவரை கமரா கையில் வெறும் கல். அந்த 8 செக்கனுக்குள் வாசலில் ஆலாத்தி எடுத்து முடித்துவிட்டார்கள்.

மீட்டது

இப்போது அந்தக் கமராவில் ஒப்டிமைசர் நிறுத்தியிருக்கிறது. பிக்சர் ஸ்டைல் நியூட்ரல். ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கிறான். ரோ கோப்பை இந்தத் திருத்தங்கள் தொடாது, பிறகு கணினியில் வேண்டியதைப் போடலாம். எல்ஈடி உள்ள மண்டபத்தில் 1/100ஐத் தாண்டுவதில்லை. இடம் மாறினால் மைனஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி பார்ப்பது அவன் தானாகப் பழகிக்கொண்டது.

ஆனால் இந்தக் கலியாணத்தின் தாலிகட்டுப் படம், மருமகன் பக்கத்திலிருந்து எடுத்தது, ஜேபெக்காகத்தான் இருக்கிறது. என் கோணத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பெரியப்பா ஒருவரின் முதுகு. ஆகவே அந்தச் சிவப்பு வழிந்த படத்தைத்தான் காப்பாற்ற வேண்டும். செம்மஞ்சளையும் அரக்கையும் ஒரு நிறத்துக்குக் கொண்டுவர ஓர் இரவு போதுமாக இருந்தது. வழிந்த சிவப்பு அப்படித் திரும்பாது. போன விபரம் போனதுதான்.

சிவப்பு போனாலும் பச்சை இருக்கிறது என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. படத்தைப் பிரித்துப் பச்சையை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். சரிகைப் பூ, கரை, முந்தானை மடிப்பு எல்லாம் அங்கே கிடந்தன. எனக்கு அது வடிவாகவே பட்டது. அப்படியே கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துத் தாயாருக்குக் காட்டினேன்.

“ஐயோ தம்பி, இது செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. கலியாணப் படத்தை ஆரும் இப்பிடி அடிப்பினமே?”

எங்கள் மதில்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் கறுப்பு வெள்ளையில் சிரிக்கிற முகத்தைக் காட்டியிருக்கக்கூடாதுதான். பிறகு மருமகனும் நானும் உட்கார்ந்து, பச்சையிலிருந்த ஒளிநிழலை எடுத்து மேலே வைத்து, நிறத்தை என் ரோ படத்தில் இருந்த கூறையைப் பார்த்துக் கீழே சேர்த்தோம். உற்றுப் பார்த்தால் தோள்பக்கம் கொஞ்சம் பூசியதுபோல இருக்கும். பெரிய அளவில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம்.

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டு கரையில் விரலை ஓட்டிப் பார்த்தார். “இப்பதான் இது எங்கட கூறை.” பிறகு விரல் மெல்லப் பின்வரிசைக்குப் போனது. தவில்காரருக்குப் பக்கத்து நிழலில், அரிசியும் பூவும் கையில் வைத்துக்கொண்டு அவரே நின்றிருந்தார்.

“எண்டாலும் தம்பி, என்னை ஏன் இப்பிடிக் கறுப்பாய் எடுத்திருக்கிறியள்?”

மருமகன் என்னைப் பார்த்தான். நான் கணினியை இயக்கினேன்.